சிடிக்கு முன்னால் செத்துப்போன பூட்டு

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். கேம் சிடியை ரைட்டரில் போட்டுக் காப்பி எடுப்போம். ஒரு ஃபைல்கூட விடாமல் வந்திருக்கும். ஆனால் கேமைத் திறந்தால் "ஒரிஜினல் சிடியைப் போடு" என்று நிற்கும். காப்பி என்று அதுக்கு எப்படித் தெரிஞ்சுது? காரைக்காலில் எங்கள் செட்டுக்கு அன்றைக்கு அது மாயமாகத்தான் இருந்தது.

விஷயம் ஃபைலில் இல்லை, சிடியின் எழுத்துமுறையில் இருக்கிறது. சிடியில் ஒவ்வொரு 8 பிட்டும் 14 பிட்டாக மாற்றி எழுதப்படும். இரண்டு தொகுப்புக்கு நடுவே 3 பிட் ஒட்டுப் போடுவார்கள். குழியும் மேடும் ஏறக்குறைய சம அளவில் வந்தால்தான் லேசர் தடுமாறாமல் படிக்கும். அந்தச் சமநிலையை ஒட்டு பிட்கள் பார்த்துக்கொள்ளும். சில பிட் வரிசைகள் மட்டும் இந்தச் சமநிலையை வேண்டுமென்றே குலைக்கும். தொழிற்சாலை இயந்திரம் அதையும் சரியாக எழுதிவிடும். அன்றைய வீட்டு ரைட்டர்கள் பல சொதப்பிவிடும். மேக்ரோவிஷன் 1998-ல் கொண்டுவந்த சேஃப்டிஸ்க், தன் இரண்டாம் பதிப்பில் இந்த 'வீக் செக்டர்'களைத்தான் நம்பியது. அந்த இடங்களைப் படிக்க முடியவில்லையா, காப்பி என்று முடிவு.

உடைக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? குளோன்சிடி, செக்டரை ஒழுங்குபடுத்தாமல் பிழையோடு அப்படியே நகலெடுத்தது. 2003-ல் ஜெர்மனியின் காப்புரிமைச் சட்டம் மாறியதும், அந்த மென்பொருள் ஆன்டிகுவாவில் இருந்த ஸ்லைசாஃப்ட்டின் கைக்குப் போனது. இன்னொரு கூட்டம் சிடியைத் தொடவே இல்லை. கேமின் இயங்கு கோப்பிலிருந்து சோதனையையே வெட்டி எறிந்தது. அதுதான் 'நோ-சிடி கிராக்'. 2008-ல் யுபிசாஃப்ட் 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2'-க்கு வெளியிட்ட ஒரு கோப்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு, உள்ளே ரீலோடட் என்ற கிராக் குழுவின் அடையாளமே கிடைத்தது! டவுன்லோடாக வாங்கியவனிடமும் கேம் சிடி கேட்டதால், பூட்டுப் போட்டவர்களே திருடன் சாவியைக் கடன் வாங்கியிருந்தார்கள்.

க்ளைமாக்ஸ் 2015-ல். சேஃப்டிஸ்க் ஓடுவதற்கு விண்டோஸுக்குள் ஒரு டிரைவர் வேண்டும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2007-லேயே வெளியான சங்கதி. விண்டோஸ் 10 அந்த டிரைவர் இல்லாமலே வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட், விஸ்டா, 7, 8-லும் அதை முடக்கியது. விளைவு? காசு கொடுத்து வாங்கிய சிடி நின்றுபோனது, கிராக் போட்டது ஓடியது. நம்ம கடற்கரை ஈரத்துக்கு சிடியில் பூஞ்சை பிடிக்கும், மேல்பூச்சு உரியும். இதையெல்லாம் தாண்டி என் அலமாரியில் பிழைத்த சிடிகள்கூட, பூட்டு செத்ததால் பேசாமல் கிடக்கின்றன.

சரி, பூட்டை உடைத்தால் குற்றமா? அமெரிக்காவின் 1998 சட்டத்தில் உடைப்பதே தவறு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விதிவிலக்கு கேட்டு நிற்க வேண்டும். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு வேறு மாதிரி. உரிமையை மீறும் *நோக்கத்தோடு* உடைத்தால்தான் குற்றம். 2 வருஷம் வரை சிறை, அபராதம். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காக உடைப்பதை அது தடுக்கவில்லை. முறையாக வாங்கியவர், சிடி கெட்டுப்போகும் என்று பேக்கப் எடுத்துக்கொள்வதை 52-ஆம் பிரிவு ஏற்கெனவே அனுமதிக்கிறது. நான் வக்கீல் இல்லை, ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் சொந்த சிடியைக் காப்பாற்றுகிறவன் திருடன் இல்லை என்றுதான் எனக்குப் புரிகிறது. அந்தக் காப்பியை ஊருக்கு விநியோகிப்பது வேறு கதை.

ஒரு வேடிக்கையும் உண்டு. இப்படி உடைக்க ஒருத்தருக்கு நீங்கள் உதவினால், அவர் பெயர், விலாசம், எதற்காக என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஆக, பரணில் பழைய ஒரிஜினல் இருந்தால் இந்த மழைக்காலத்துக்கு முன்னால் இமேஜ் எடுத்துவிடுங்கள். நண்பருக்கும் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால், பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.