ஆலயத்துள் முரசு

திருவழிபாட்டில் எந்த இசைக்கருவிக்கு இடம் உண்டு, எதற்கு இல்லை என்னும் வினா திருச்சபையில் பழமையானது. முரசைப் பொறுத்தவரை விடை ஒருகாலத்தில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருந்தது. 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பயஸ் திருச்சபை இசை குறித்து ஓர் ஆணைமடல் வெளியிட்டார். பியானோவும், முரசு, கைத்தாளம் போன்ற ஆரவாரக் கருவிகளும் கோவிலுக்குள் ஒலிக்கலாகாது என்று அம்மடல் விலக்கியது. இத்தாலியக் கோவில்களில் நாடகமேடை இசை புகுந்து வழிபாட்டை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. திருத்தந்தையின் கண்முன் இருந்தது அந்தக் கேடுதான். திண்டுக்கல் சீமையின் பறை அன்று. ஆயினும் அந்த விலக்கு கடல் கடந்து இங்கு வந்து சேர்ந்தபோது, இம்மண்ணில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த வேறொரு விலக்கோடு கைகோத்துக்கொண்டது.

அந்த இரண்டாவது விலக்கை நாம் அறிவோம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணா, மா, மரம், புள் என்பவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் ஏறத்தாழ முப்பது வகைத் தோற்கருவிகளின் பெயர்களை அடுக்கித் தருகிறார். இத்துணைச் சிறப்புடைய கருவி பின்னாளில் இழவு வீட்டுக்கு உரியதாயிற்று. அதை அடிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கடமையாயிற்று. கிறித்தவம் இந்தக் கட்டை அறுத்ததா? அறுத்திருக்க வேண்டும். ஆனால் திருவிழாவில் கொடியேற்றத்துக்கும் தேர்பவனிக்கும் முன்னே முழங்கிவந்த பறை, கோவில் வாசற்படியோடு நின்றுவிடுவதே நெடுங்காலம் பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய இக்கருவிக்கும், செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையில் எடுத்ததாக விடுதலைப் பயண நூல் கூறும் வட்டக் கருவிக்கும் உறவு நெருக்கமானது. அதுவும் சட்டத்தில் தோல் போர்த்திய கருவியே. நூற்றைம்பதாம் திருப்பாடலின் இசைக்கருவி வரிசையிலும் அது இருக்கிறது. நாள்தோறும் அப்பாடலைச் செபித்தவர்களுக்கு வாசலில் நின்றது எது என்று தோன்றாமற் போனது வியப்பே.

1958இல் ஆப்பிரிக்கக் காங்கோவில் 'மிஸா லூபா' என்னும் திருப்பலி இசை அந்நாட்டு முரசுகளோடு பாடப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டு, மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்றது. குழலிசைப் பேழைக்கு முதன்மை தந்தபோதே ஏனைய கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. 1967 மார்ச் 5ஆம் நாள் வந்த திருவிசை அறிவுரை, உலகியல் இசைக்கே உரியவை என மக்கள் கருதும் கருவிகளை விலக்கியது. எனினும் அந்தந்த மக்களின் பண்பாட்டையும் மரபையும் கருத்திற் கொள்ளுமாறு பணித்தது. இவ்விரு விதிகளையும் சேர்த்துப் படிக்கையில் நம் நாட்டில் ஓர் இடர் எழுகிறது. 'உலகியல் கருவி' என்று கருதுவோர் யார்? அடிப்பவரா, அடிக்கக் கேட்பவரா? இங்கே மக்களின் கருத்து என்பது பெரும்பாலும் மேல்தெருவின் கருத்தாகவே இருந்துவந்திருக்கிறது.

திறந்த கதவு வழியே முதலில் நுழைந்தது பறையன்று, டிரம் செட். இதில் ஒரு வரலாற்று விந்தை உண்டு. இன்று பட்டணத்துப் பங்குகளில் நாகரிகத்தின் அடையாளமாக மதிக்கப்படும் இக்கருவியும் ஒடுக்கப்பட்டோர் கைகளில் உருவானதே. ஐரோப்பியப் படையணிகளின் சிறுமுரசு, துருக்கியப் படையிசையிலிருந்து வந்த பெருமுரசும் தாளத்தட்டுகளும், சீனத்து டம்டம் ஆகிய யாவும் நியூ ஆர்லியன்சு நகரில் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞரிடையே ஒருவரே அமர்ந்து வாசிக்கும் கருவியாகத் திரண்டன. 1909இல் சிக்காகோவின் லட்விக் உடன்பிறந்தோர் விரைந்து இயங்கும் கால்மிதியைச் செய்து விற்றதும் அது உறுதிபெற்றது. அதற்கும் முந்திய கதை இன்னும் துயரமானது. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசு முழக்கிக் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடைசெய்தது. கிளர்ந்தெழுந்தோருள் பலர் காங்கோ அரசிலிருந்து வந்த கத்தோலிக்கர் என வரலாற்றாசிரியர் ஜான் தார்ன்டன் 1991இல் வாதிட்டார். அவர் கூற்று சரியெனில், முரசடித்ததற்காக மடிந்தவருள் நம் விசுவாசத்தில் பங்குகொண்டோரும் இருந்தனர்.

இனி ஓசைக்கு வருவோம். முரசு காதை அடைக்கிறது, பாடல் கேட்கவில்லை என்ற குறையைச் சாதியின் பெயரால் மட்டும் தள்ளிவிட முடியாது, அது உண்மையும்கூட. வெயில் காலத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. சுண்ணாம்பும் கல்லுமாய் உயர்ந்த பெரிய கோவிலில் ஓர் ஒலி முற்றும் அடங்க மூன்று நொடி ஆகலாம். நிமிடத்துக்கு 120 அடி என்ற கதியில் வாசித்தால், ஓர் அடி அடங்குமுன் ஆறு அடிகள் அதன்மேல் வந்து விழுகின்றன. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவில் கூடம் நிறைந்திருக்கும்போது மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் நிலைமை தேறும். ஒத்திகை நாளில் வெறும் கூடத்தில் கேட்டு அஞ்சுவோர் இதை நினைவிற் கொள்ளலாம்.

தொப்பம்பட்டி வட்டாரத்தில் காணும் சிற்றாலய அளவுள்ள கூடத்தில் முரசுக்கு ஒலிவாங்கியே வேண்டியதில்லை. தவறு வேறிடத்தில் நிகழ்கிறது. பாடகரின் மைக் முரசுக்குப் பக்கத்தில் நிற்கும். பாட்டு கேட்கவில்லை என்று அந்த மைக்கைக் கூட்டுவார்கள். முரசும் கூடவே ஏறும். பாடகர் கையாளும் பெரும்பாலான மைக்குகள் முன்புறம் நன்கு கேட்டு, பின்புறம் செவிடாய் இருப்பவை. அந்தச் செவிட்டுப் பக்கத்தில் முரசை அமர்த்தினாலே பாதிச் சிக்கல் தீரும். பேராலயத்தில் மட்டும் பெருமுரசுக்கு ஒன்று, தலைக்கு மேலே இரண்டு என மூன்று மைக் வைக்கலாம். மேலே வைக்கும் இரண்டும் சிறுமுரசின் நடுவிலிருந்து சம தொலைவில் இருத்தல் வேண்டும். ஒன்று 35 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் அதே அடி அதற்கு ஆயிரத்தில் ஒரு நொடி பிந்தி எட்டும். இரண்டையும் கலக்கும்போது 500 அதிர்வெண் அளவில் உள்ள ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். முரசு தகரம்போல் ஒலிக்கும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நூல்கயிற்றைப் பிடித்து அளந்தால் போதும். எத்தனையோ ஆயிரம் கொட்டி வாங்கிய மிக்சர் செய்யாததை அந்த நூல் செய்துவிடும்.

இந்த உழைப்புக்கு அஞ்சித்தான் பல பங்குகள் எளிய வழியை நாடின. 1985இல் ரோலண்ட் நிறுவனம் ஆக்டாபேடை வெளியிட்டது. தோல் இல்லை, எதிரொலி இல்லை. ஒலியின் அளவு ஒரு திருகில் அடங்கும். நாளடைவில் தவிலும் பறையும்கூடப் பதிவு செய்யப்பட்ட ஒலிகளாக அதனுள் குடியேறின. இவ்வாறு பறையின் ஓசை பீடத்தருகே வந்துவிட்டது, பறையடிப்பவர் வரவில்லை. 1958ஆம் ஆண்டின் உரோமைத் திருவிசை அறிவுரை, தானே இயங்கும் இசைப்பொறிகளைத் திருவழிபாட்டில் விலக்கி, ஒலிபெருக்கியை உயிருள்ள குரலைப் பெருக்கும் அளவுக்கு அனுமதித்தது. பேடில் கையால் வாசிக்கிறார்கள் என்று வாதிடலாம். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஓடும் தாளத்துக்குப் பாடுவதற்கு அந்த வாதமும் கிடையாது.

மாற்று முயற்சிகள் நம் அண்மையிலேயே நிகழ்ந்தன. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய சீர்திருத்தச் சபை அருட்திரு தியோபிலஸ் அப்பாவு, 2005இல் மறையும்வரை, நாட்டுப்புற இசையே ஏழையின் இறையியல் மொழி என்று கூறி அதை வழிபாட்டுள் கொணர்ந்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா வளர்த்த சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களின் கையில் பறையைத் தந்தது. ஆண்களே, அதுவும் சாவுக்கே அடித்த கருவியைப் பெண்கள் நிமிர்ந்து நின்று அடித்ததை அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் ஆவணப்படமாக்கினார். 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆயினும் மற்றொரு குரலையும் கேட்க வேண்டும். இழிவின் சின்னமாகிய பறையை இனித் தொடமாட்டோம் என்று பல ஊர்களில் தலித் மக்களே அதைக் கீழே வைத்தார்கள். சிலர் உடைத்தும் எரித்தும் போட்டார்கள். அவர்களிடம் சென்று, பண்பாட்டுமயமாக்கல் வேண்டும், மீண்டும் பறையை எடுங்கள் என்று பங்குப் பேரவை கட்டளையிடுவது பழைய கட்டளையின் புதிய வடிவமே. எல்லாத் தெருவின் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று அடிக்கும் ஊரில்தான் பறை உள்ளே வரும் தகுதியை ஆலயம் பெறுகிறது. கருவிக்குத் தகுதி உண்டா என்று இத்தனை நாள் கேட்டோம். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

அத்தகைய ஊருக்குப் பொருத்தமான இரவு பாஸ்கா திருவிழிப்பு. பெரிய வியாழனின் 'உன்னதங்களிலே' கீதத்துக்குப்பின் கருவிகள், பாடலைத் தாங்கும் அளவுக்கன்றித் தனித்து ஒலிப்பதில்லை. திருவிழிப்பில் அதே கீதத்தோடு அவை மீண்டும் முழங்குகின்றன. பனியிலும் ஈரத்திலும் தோல் தளரும். அதனால்தான் டிரம் செட்டுக்கு 1957 முதல் பாலியெஸ்டர்ப் படலம் வந்தது. பறையோ இன்றும் தீயில் காய்ந்தே சுதி ஏறுகிறது. புதுத்தீ எரியும் அவ்விரவில் கோவிலுக்கு வெளியே சற்று ஒதுங்கிய இடத்தில் வைக்கோல் தீ ஒன்றும் மூட்டி வைக்கலாம். வாசகங்கள் ஏழும் முடிய நேரமாகும். ஆகவே கடைசி வாசகத்தின்போது பறைகளை வெளியே கொண்டுசென்று காய்ச்சி வர இருவரை முன்கூட்டியே அமர்த்திவிட வேண்டும்.