மலை இறங்கும்போது மயக்கமா? 'பித்தம்'னு விட்டுடாதீங்க... இதயத்தின் 'க்யூடி இடைவெளி' பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

விடியறதுக்கு முன்னாடியே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகள். காய் எடுக்கவும், களை வெட்டவும், மருந்து அடிக்கவும் போகிறவர்கள் மாலையில்தான் மலை இறங்குவார்கள். அப்போது ஒருவருக்குக் கண்ணைக் கட்டினால் 'பித்தம்', 'காலைல சாப்பிடல' என்று ஏதாவது ஒரு காரணம் உடனே கிடைத்துவிடும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சில மயக்கங்களுக்குக் காரணம் இதயத்தின் மின்னோட்டத்தில் இருக்கிறது. அதில் ஒன்றுதான் 'க்யூடி இடைவெளி' நீள்வது.

க்யூடி இடைவெளின்னா என்ன?

ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத்தில் ஒரு மின் அலை ஓடும். அதைத்தான் இசிஜி கோடாக வரைகிறது. கோட்டின் மேடு பள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர். க்யூ தொடங்கி டி முடியும் வரையிலான நேரம்தான் க்யூடி இடைவெளி. அதாவது, இதயத்தின் கீழறைகள் ஒருமுறை துடித்து, அடுத்த துடிப்புக்கு 'ரீசார்ஜ்' ஆக எடுத்துக்கொள்ளும் நேரம்.

துடிப்பு வேகமானால் இந்த நேரம் குறையும். அதனால் துடிப்பின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 'க்யூடிசி' என்ற அளவை எடுப்பார்கள். பொதுவாக ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லி செகண்டைத் தாண்டினால் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். 500-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம்.

நீண்டால் என்ன ஆகும்?

ரீசார்ஜ் முடியும் முன்பே அடுத்த துடிப்பு வந்து விழுந்தால், இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கலாம். 1966-ல் பிரெஞ்சு மருத்துவர் தெசெர்தென் இதற்கு 'டோர்சாட் டி பாயின்ட்' என்று பெயர் வைத்தார். இசிஜியில் முறுக்கிய கயிறு மாதிரி தெரியும். மூளைக்கு ரத்தம் போகாமல் சில நொடிகளில் ஆள் சரிந்துவிடுவார். தானாகவே நின்றால் எழுந்துவிடுவார். நிற்காவிட்டால் உயிர் போகலாம். கை கால் வெட்டி இழுப்பதால், இதை வலிப்பு என்று தப்பா நினைப்பதும் உண்டு.

ஏன் நீள்கிறது?

* பிறவிக் கோளாறு: மரபணு வழியாக வருவது. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால் கவனம் தேவை.
* மாத்திரைகள்: அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல், வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான், டாம்பெரிடோன், சில மனநல மருந்துகள். இதே ஆபத்து காரணமாகத்தான் 'சிசாப்ரைடு' என்ற வயிற்று மருந்துக்கு 2011-ல் இந்தியாவில் தடை வந்தது.
* உப்புச்சத்துக் குறைவு: வாந்தி, வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கிவிடும்.
* பூச்சிமருந்து: ஆர்கனோபாஸ்பேட் வகை விஷம் உடம்பில் ஏறும்போது.

ஏலமலையில் ஏன் கூடுதல் கவனம்?

ஏலச்செடிக்குப் பேன், தண்டுத் துளைப்பான் என்று தொல்லை அதிகம். அதனால் மருந்தும் அடிக்கடி அடிக்கிறார்கள். அதில் குயினால்பாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் வகை. இவை அதிகமாக உடம்பில் ஏறினால் எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கண்மணி சுருங்கும், மூச்சு திணறும். கூடவே இதயத் துடிப்பு மந்தமாகி, க்யூடியும் நீளலாம்.

முக்கியமா ஒன்று: விஷம் குடித்தவர் முதல் நாள் தெளிந்த மாதிரி இருந்தாலும், அடுத்த சில நாட்களுக்கு இதயமும் மூச்சும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். 'நல்லாத்தானே பேசுறாரு' என்று வீட்டுக்குக் கூட்டிப் போவதுதான் பெரிய ஆபத்து.

ஒன்றா, மூன்றா?

மேலே சொன்ன மாத்திரைகளைத் தினமும் எத்தனையோ பேர் பிரச்சினை இல்லாமல் சாப்பிடுகிறார்கள். ஒரு காரணம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் உடம்பு சமாளித்துவிடும். பல காரணங்கள் ஒன்றாகச் சேரும்போதுதான் சிக்கல். மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வாந்தி. பொட்டாசியம் இறங்குகிறது. மெடிக்கலில் வாந்திக்கு ஒரு மாத்திரை, 'இன்ஃபெக்‌ஷனா இருக்கும்' என்று ஒரு அசித்ரோமைசின் வாங்கிப் போடுகிறார். இப்போது எல்லாம் ஒரே இதயத்தில் வந்து சேர்ந்துவிட்டது. பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் ஆபத்து.

என்ன செய்யணும்?

* மருந்து அடித்த பிறகு வாந்தி, மயக்கம் வந்தால் உடையை மாற்றி, சோப்பு போட்டுக் குளிப்பாட்டி மருத்துவமனைக்குப் போங்கள். நிலைமை மோசமென்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.
* பூச்சிமருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டு போங்கள்.
* சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.
* டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* காரணம் தெரியாத மயக்கம் ஒருமுறை வந்தாலும் இசிஜி எடுங்கள்.

சிகிச்சை இருக்கா?

இருக்கு. காரணமான மருந்தை நிறுத்தி, பொட்டாசியத்தைச் சரிசெய்து, நரம்பு வழியாக மக்னீசியம் ஏற்றுவார்கள். பிறவிக் கோளாறுக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரைகள். தேவைப்பட்டால் நெஞ்சில் ஐசிடி கருவி பொருத்துவார்கள். ஆனால் இதெல்லாம் தொடங்க முதலில் கோளாறு கண்ணில் பட வேண்டும். இசிஜி எடுக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். அடுத்த முறை ஜீப்பில் யாராவது மயங்கினால், தண்ணீர் தெளித்து எழுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள்.