கணினிப் பட்டமும் கல்விக் கடனும்: தமிழ்நாட்டில் ஒரு குடும்பக் கணக்கின் வரலாறு

1980-களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பு அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெற்ற சில கல்லூரிகளிலும் மட்டுமே இருந்தது. இடங்கள் மிகக் குறைவு, கட்டணமும் குறைவு. இடம் கிடைக்குமா என்பதே வீட்டில் கேட்கப்பட்ட கேள்வி. படித்தால் போட்ட பணம் திரும்புமா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-ஐ ஒட்டி, சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்ததும் நிலைமை மாறியது. இடம் பெருகியது, அதற்கு விலையும் வந்தது. நன்கொடை என்ற பெயரில் பெருந்தொகை வாங்குவது பரவியதால் 1992-இல் மாநில அரசு அதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. மறு ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இடங்களைப் பாதிக்குப் பாதி இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு வரும் வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

அந்த ஆண்டுகளில் கட்டண இடத்துக்கான பணம் வங்கியிலிருந்து வருவது அரிது. தாயின் நகை அடகுக்குப் போகும், சீட்டு எடுக்கப்படும், அப்பாவின் சேமநல நிதியில் முன்பணம் கேட்கப்படும், இருக்கும் நிலத்தில் ஒரு பகுதி விற்கப்படும். 1963-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் வட்டியில்லாதது. கடன் வாங்கிப் படித்தவர் ஆசிரியராகப் பணியாற்றினால் அந்தப் பணிக்காலத்தைக் கணக்கிட்டுக் கடனில் தள்ளுபடியும் கிடைத்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் மதிப்பெண்ணில் முன்னின்றவர்களுக்கே அது எட்டியது.

கணினிப் படிப்பின் மீது குடும்பங்கள் துணிந்து பணம் போடத் தொடங்கியது 1990-களின் பிற்பகுதியில். 1994-இல் சென்னையில் காக்னிசன்ட் மென்பொருள் நிறுவனம் தோன்றியது. கணினிகளின் 2000-ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலைச் சரிசெய்ய அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கில் நிரலாளர்கள் தேவைப்பட்டார்கள். 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், எம்.சி.ஏ. ஆகியவற்றுக்குக் கலந்தாய்வில் போட்டி கூடியது. இயந்திரவியல், கட்டடவியல் படித்தவர்களையும் மென்பொருள் நிறுவனங்கள் எடுத்துச் சில மாதம் பயிற்சி தந்து வேலையில் அமர்த்தியதால், எந்தப் பிரிவானாலும் பி.இ. முடித்தால் போதும் என்ற நம்பிக்கை ஊர்தோறும் பரவியது.

2001-இல் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. அண்ணா பல்கலைக்கழகம் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளையெல்லாம் இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகமானது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. 4 லட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டாம், கையிலிருந்து பங்குத் தொகையும் போட வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டிலோ வேலை கிடைத்து ஆறு மாதத்திலோ, எது முந்துகிறதோ அப்போதிலிருந்து 5 முதல் 7 ஆண்டுகளில் அடைக்க வேண்டியிருந்தது. பெற்றோரும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தின் கனம் பல வீடுகளுக்குப் பின்னால்தான் தெரிந்தது: தவணை தவறினால் தகப்பனின் கடன் மதிப்பும் சேர்ந்தே சரியும். நாட்டில் கல்விக் கடனை அதிகம் வாங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் கேரளமும் முன்னணிக்கு வந்தன.

ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு, 12 விழுக்காடு வட்டியில், ஒரு மாணவர் 4 லட்சம் வாங்குகிறார் என்று கொள்ளலாம். படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் தனி வட்டி மட்டும் 1,68,000 ரூபாய் ஏறும். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,68,000 ஆகியிருக்கும். அதை 7 ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 10,000 ரூபாய் வேண்டும். ஆண்டுச் சம்பளம் 3 லட்சம் என்றால், பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 20,000 சொச்சம். சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் மீதிப் பாதியில் நடக்க வேண்டும். திணறலோடுதான் என்றாலும் இந்தக் கணக்கு நடந்தது, ஏனென்றால் சம்பளம் சீக்கிரம் உயர்ந்தது. கணக்கின் உயிரே அந்த உயர்வில்தான் இருந்தது.

2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு அதுவே தடுமாறியது. வளாகத் தேர்வில் வேலைக் கடிதம் பெற்றவர்கள் பணியில் சேரும் அழைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்; கடனுக்கான ஓராண்டு அவகாசமோ காத்திருக்கவில்லை. மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் 500-ஐத் தாண்டின. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக 3 முதல் 3.5 லட்சத்தைச் சுற்றியே நின்றது. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி உயர்ந்தது, கட்டணமும் உயர்ந்தது. 2017-இல் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே 50,000 ரூபாயும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாயும் ஆண்டுக் கட்டணமாயிற்று. விடுதியும் பேருந்தும் இதற்கு மேல்.

ஆனாலும் கட்டணத்தையும் சம்பளத்தையும் மட்டும் வைத்துப் போடும் கணக்கு அரைகுறையானது. அரியர் வைத்து நான்கு ஆண்டில் பட்டம் முடிக்காதவருக்கும் கடன் அதே கடன்தான், அவரை வளாகத் தேர்வுக்கு மட்டும் அனுமதிக்க மாட்டார்கள். கல்லூரியின் விளம்பரப் பலகையில் இருப்பது அதிகபட்சச் சம்பளம். ஒரே மாணவருக்கு மூன்று நிறுவனங்கள் வேலை தந்தால் அதை மூன்றாக எண்ணிக் காட்டுவதும் உண்டு. குடும்பத்துக்குத் தேவைப்பட்டது நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளமும், வேலையே கிடைக்காதவர் எத்தனை பேர் என்ற விவரமும். அந்த இரண்டும் சேர்க்கை நாளன்று பெற்றோர் கைக்கு வந்தது அரிது. இந்த வரலாற்றின் பெருங்குறை இதுதான்.

செலவு குறைந்த வழியும் கூடவே இருந்தது, பலரும் அதை இரண்டாந்தரமாக நினைத்தார்கள். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ படிக்கக் கடன் தேவைப்படுவதில்லை என்றே சொல்லலாம். இந்தப் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்தபடியே பிட்ஸ் பிலானி வழியாக மேற்படிப்பு படிக்கவைத்தது விப்ரோ. பின்னர் எச்.சி.எல். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையே பயிற்சி கொடுத்து எடுக்கத் தொடங்கியது. தொடக்கச் சம்பளம் பொறியாளருக்குத் தருவதைவிடக் குறைவுதான். ஆனால் மாதம் 10,000 தவணை இல்லாதவருக்கு அந்தக் குறைவு பெரிதல்ல, குறைந்தது ஓராண்டு முன்பே சம்பாதிக்கத் தொடங்குவதும் சேர்ந்துகொள்ளும்.

அரசுகள் சுமையின் வெவ்வேறு பகுதிகளைத் தாங்கின. 2009-10 முதல், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அவகாசக் கால வட்டியை மத்திய அரசு ஏற்றது. மேலே கண்ட கணக்கில் 1,68,000 ரூபாய் அப்படியே நீங்கித் தவணை ஏறத்தாழ 7,000 ஆகும். 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகையை மாநில அரசு அளித்தது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி, அவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களையும் ஏற்றுக்கொண்டது. இந்த மாணவர்களைப் பொறுத்தவரை கடனுக்கே வேலையில்லாமல் போயிற்று. அந்த வகையில் இதுவே எல்லாவற்றிலும் நேரடியான உதவி.

வங்கிகள் தேர்ந்த வழி வேறு. திருப்பிச் செலுத்தும் காலத்தை 15 ஆண்டு வரை நீட்டின. அதே 5,68,000 ரூபாய்க்குத் தவணை 6,800 ரூபாயாகக் குறைகிறது, கட்டும் மொத்தத் தொகையோ 8.4 லட்சத்திலிருந்து 12 லட்சத்துக்கு மேல் போகிறது. இருபத்தி மூன்று வயதில் தொடங்கும் தவணை முப்பத்தெட்டு வயது வரை தொடரும். 2015-இல் 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் கடன் உறுதி நிதி வந்தது. வாராக் கடன் பெருகியதால் சிறு கடன்களுக்குத் தயங்கிய வங்கிகளுக்கு அது பாதுகாப்பு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேசியத் தரவரிசையை வைத்துத் தேர்ந்த உயர்கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்வோருக்கு ஈடும் பிணையும் இல்லாத கடன் தருகிறது. கடன் பெறும் தகுதியில் மாணவர் சேரும் கல்லூரியின் தரமும் இப்போது சேர்ந்துவிட்டது. மாவட்டங்களில் உள்ள சிறிய சுயநிதிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. அவற்றில் கணினி படிப்பவர்கள் இன்றும் பழைய மாதிரித் திட்டத்தின் கீழ்தான் கடன் கேட்கிறார்கள்.