எழுத்தர் கையில் பெயர்: பினாங்குத் தமிழரின் அடையாள ஆவணப் பிழைகளும் கடல்கடந்த பயணமும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த் நகரை ஒட்டி அமைந்துள்ளது பாகான் டாலாம். பாகான் என்னும் மலாய்ச் சொல் படகு வந்தணையும் துறையைக் குறிக்கும். எதிர்க்கரையில் ஜார்ஜ்டவுன் தெரியும். துறைமுகத்தையும் இரயில்வேயையும் சார்ந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இவ்வட்டாரத்தில் நிலைத்துள்ளன. இத்தகைய குடும்பம் ஒன்றின் ஆவணக் கட்டை அவிழ்ப்பதாகக் கற்பனை செய்து கொள்வோம். பாட்டனாரின் பழைய அடையாளக் கார்டில் ஆறுமுகம் என்னும் பெயர் 'ஜி' என்னும் எழுத்தோடு இருக்கும். மகனின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயராக அதே பெயர் 'கே' என்னும் எழுத்தோடு அமைந்திருக்கும். பேரனின் கடப்பிதழில் 'யு' போய் 'ஓ' வந்திருக்கும். மூவரும் வாயால் சொன்னது ஒரே பெயரைத்தான்.

உள்ளூரில் வாழும்வரை இவ்வேறுபாடு எவரையும் வருத்துவதில்லை. வெளிநாட்டுக்குப் புறப்படும் நாள் நெருங்கும்போதுதான் ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கப்படுகின்றன. அப்போது குடும்பத்தினர் 'நம்மவர் கவனக்குறைவு' என்று தம்மையே நொந்துகொள்வதைப் பலரும் கேட்டிருப்பர். அக்கூற்று ஏற்புடையதன்று என்பதே நம் கருத்து. இப்பிழைகளுட் பெரும்பாலானவை எழுதத் தெரியாதவரின் பெயரை, அவர்தம் மொழி அறியாத அல்லது வேறு மரபில் எழுதப் பழகிய ஒருவர் எழுதியதால் விளைந்தவை. அவ்வாறு எழுதப்பட்டதைச் சரிபார்க்கும் வாய்ப்பு பெயருக்குரியவருக்கு இருந்ததில்லை.

கப்பலேறிய பெயர்

பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் 1786இல் பிரான்சிஸ் லைட்டால் தொடங்கப்பெற்றது. 1867 வரையில் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியோடு பிணைக்கப்பட்டிருந்தன. எனவே சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்க்கு இது 'வெளிநாடு' என்னும் எண்ணமே முழுமையாக உருவாகவில்லை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டதும், 1910இல் ஒப்பந்தக்கூலி முறை மலாயாவில் முடிவுக்கு வந்ததும், 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டதும் வரவைப் பதிவு செய்யும் பழக்கத்தைப் பெருக்கின. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் ஒரு பட்டியல், ஜெரஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தில் ஒரு பட்டியல், தோட்டத்தில் பெரட்டுக்கு ஒரு பட்டியல் எனப் பெயர் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் காதால் கேட்டே எழுதினர். முந்தைய பட்டியலைப் பார்த்தெழுத வேண்டும் என்னும் கட்டாயம் எழுத்தர்க்கு இருந்ததாகத் தெரியவில்லை.

தோட்டக் கிராணிமாரும் இரயில்வே எழுத்தரும் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளிகளாகவோ இருந்தனர். தமிழரே எழுதினாலும் சிக்கல் தீரவில்லை. சண்முகம் என்பதன் முதலெழுத்தைத் தமிழகத்தவர் 'எஸ்எச்' என்றோ 'எஸ்' என்றோ எழுதுவர். இலங்கை மரபில் 'சிஎச்' என எழுதுவதும் உண்டு. தமிழ் வரிவடிவத்தில் ககரம் ஒன்றே. அஃது இடத்துக்கேற்ப மூவகை ஒலி பெறும். உரோமன் எழுத்திலோ அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. ழகரத்துக்கு நேரெழுத்தே இல்லை. தமிழ்ச்செல்வி, யாழினி போன்ற பெயர்கள் படும் பாட்டை வகுப்பறை வருகைப் பதிவேட்டைக் கையாளும் ஆசிரியர்கள் நன்கறிவர். இலட்சுமி என்னும் பெயர் மலாயாவில் 'லெட்சுமி' என ஒலித்து, அவ்வொலியே எழுத்தாகி, இன்று மலேசியத் தமிழரை இனங்காட்டும் எழுத்தாகவே நிலைபெற்றுவிட்டது. இதனைப் பிழை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மக்கள் தம் நாவில் வழங்கிய வடிவமே அங்கே பதிவாயிற்று.

ஊர்ப்பெயரும் இதற்கு விலக்கன்று. 1972இல் மலாய்மொழியின் புதிய உரோமன் எழுத்துமுறை நடைமுறைக்கு வந்தது. பட்டர்வொர்த்துக்குத் தெற்கேயுள்ள பிறை ஆங்கில ஆட்சிக்கால ஆவணங்களில் ஓர் உயிரெழுத்துக் குறைந்து காணப்படும். பின்னைய ஆவணங்களில் அவ்வெழுத்துச் சேர்ந்து காணப்படும். வெல்லஸ்லி மாநிலம் செபராங் பிறை ஆயிற்று. பிறந்த இடம் என்னும் கட்டத்தில் தந்தைக்கு ஒரு பெயரும் மகனுக்கு ஒரு பெயரும் இருப்பதைக் காணும் அயல்நாட்டு அதிகாரி, இரண்டும் ஒரே ஊர் என்பதை எங்ஙனம் அறிவார்?

அட்டை வந்த காலம்

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் விதி வந்தது. நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டை வழங்கப்பட்டது. கம்யூனிஸ்ட் போராளிகள் இவ்வட்டைகளைப் பறித்து அழித்தனர் என்பதிலிருந்தே அதன் வலிமையை உணரலாம். அட்டையின் நோக்கம் பாதுகாப்பு. பெயரின் எழுத்துச் செம்மை அன்று. விரைந்து இலட்சக்கணக்கானோரைப் பதிய வேண்டிய நெருக்கடியில் எழுத்தர் கேட்டதை எழுதினார். எழுதப்படிக்க அறியாதவர் ரேகை வைத்தார். ரேகை அவருடையது என்பதில் ஐயமில்லை. பெயர் எழுத்தருடையது.

அந்த அட்டையே பின்னர்க் குடியுரிமைக்கு அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாயிற்று. 1957இல் விடுதலை, அவ்வாண்டே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் இயற்றப்பட்டது, 1959இல் தேசியப் பதிவுச் சட்டம். 1962ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின்னர் மண்ணிற் பிறந்தமை ஒன்றே குடியுரிமைக்குப் போதுமானதாக இல்லை. பெற்றோரின் நிலையையும் காட்டவேண்டியதாயிற்று. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை பெறாதோர் குறிப்பிட்ட தொழில்களில் பணிபுரிய அனுமதிச்சீட்டுப் பெறவேண்டி வந்தது. தந்தையின் அட்டையிலுள்ள பெயரும் மகனின் பிறப்புப் பத்திரத்திலுள்ள தந்தை பெயரும் ஒத்துவராத குடும்பங்களுக்கு இக்காலம் எத்தகைய அச்சத்தைத் தந்திருக்கும் என்பதை விளக்கவேண்டுவதில்லை. அக்காலத்தில் தாயகம் திரும்பியோர் பல்லாயிரவர்.

இலங்கையின் நிலை இதனினும் கடுமையானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, தந்தையும் பாட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயன் அறைகளில் பிறந்தவர்க்கு அத்தகைய சான்று அரிது. அதன் தொடர்ச்சியே 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென அங்கே முடிவாயிற்று.

மலாயாவுக்குத் திரும்புவோம். 1926இல் கட்டப்பட்ட இரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன் பின்வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்குள்ளாகும் வரையில் இவ்வழியில் சென்றது. கப்பற் பயணத்தின்போது அதிகாரி ஆளையும் படத்தையும் பார்த்தார்; பெயரில் ஓரெழுத்து வேறுபட்டால் கேள்வி கேட்டுத் தெளிந்தார். மனிதக் கண்ணுக்கு ஒரு தாராளம் உண்டு. 'இவர்தாம் அவர்' என ஏற்கும் அத்தாராளத்தின் மீதே மூன்று தலைமுறைப் பயணங்கள் நடந்தன.

இயந்திரம் படிக்கும் பெயர்

அந்நிலை 1990களில் மாறியது. 1990இல் 12 இலக்க அடையாள எண் அறிமுகமாயிற்று. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் காட்டுவன. அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிப்பன (பினாங்குக்கு 07). இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். பழைய எண்ணுக்கும் பிறந்தநாளுக்கும் இத்தகைய தொடர்பு இல்லை. இதன் விளைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பழைய அட்டையில் பிறந்தநாள் பிழையாக இருந்தால் ஒரு வரி பிழை. புதிய முறையிலோ எண்ணே பிழையாகிறது. அவ்வெண்ணைச் சார்ந்த தேர்வுச் சான்றிதழ், ஊழியர் சேமநிதி, வங்கிக் கணக்கு, கடப்பிதழ் யாவும் அப்பிழையை ஏற்றுக்கொண்டு நிற்கின்றன. திருத்தம் என்பது ஓரிடத்தில் முடிவதன்று.

1998இல் மலேசியா சில்லு பொருத்திய கடப்பிதழை உலகிலேயே முதன்முதலாக வெளியிட்டது. 2001இல் மைகார்டு வந்தது. அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பின் நெறிமுறைப்படி, கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உள்ளன; வரிக்கு 44 இடம். பெயருக்குக் கிடைப்பது 39. அங்கே 26 உரோமன் எழுத்துகளும் 10 இலக்கங்களும் ஓர் இடநிரப்பியும் தவிர வேறொன்றும் வரலாகாது. மலேசியத் தமிழரின் பெயரை இணைக்கும் சாய்கோடு அங்கே இடம்பெற வழியில்லை. ஆங்கிலேயர் காலத்தில் 'இன்னாரின் மகன்' என்பதைச் சுருக்கி 'எஸ்/ஓ' என்றனர், பின்னர் மலாயில் 'அனாக் லெலாக்கி' என்பது 'ஏ/எல்' ஆயிற்று, பெண்ணுக்கு 'ஏ/பி'. விமானச் சீட்டுப் பதிவிலோ சாய்கோட்டுக்கு வேறு பணி உண்டு: குடும்பப் பெயரையும் இயற்பெயரையும் பிரிப்பது. நம் மக்கட்குக் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. ஆதலின் தந்தையின் பெயரே குடும்பப் பெயராக நிரப்பப்பட்டு, அயல்நாட்டு விடுதியில் மகள் தந்தையின் பெயரால் அழைக்கப்படுகிறாள். இதில் நகைப்புக்கும் சிறிது இடமுண்டு.

தமிழகத்துத் தமிழர்க்கும் இவ்விடர் உண்டு. முன்னெழுத்தை விரித்தெழுதுமாறு இந்தியக் கடப்பிதழ் முறை வேண்டுகிறது. விரித்தெழுதாமல் ஒற்றைப் பெயரோடு நிற்பவரும் உளர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்தியக் கடப்பிதழோடு சுற்றுலா, வருகை விசாக்களில் வருவோரை ஏற்பதில்லை என அறிவித்தது. கடப்பிதழின் வேறு பக்கத்தில் தந்தை பெயர் இருப்பின் ஏற்கலாம் என்னும் விளக்கம் பின்னர் வந்தது. நூற்றாண்டுகளாகப் பிழையற்றதாக இருந்த தமிழ்ப் பெயர்முறையே ஓர் அறிவிப்பால் குறையுடையதாகக் கருதப்பட்ட நிகழ்வு இது.

திருத்தத்தின் வழி

1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 27ஆம் பிரிவில் பிழைகளை வகைப்படுத்துகிறது. எழுதுகையில் நேர்ந்த பிழை ஒருவகை. உண்மைச் செய்தியிலேயே நேர்ந்த பிழை மற்றொரு வகை. பின்னதைத் திருத்துவதற்குச் சத்தியப் பிரமாணம் வேண்டும். பிறப்பைத் தெரிவிக்கக் கடமைப்பட்டோர் இருவர், அவர் இல்லையெனில் உண்மை அறிந்த நம்பத்தக்க வேறிருவர், அதனைச் செய்யவேண்டும். ஏற்பதும் மறுப்பதும் பதிவதிகாரியின் மனநிறைவைப் பொறுத்தது. முதற்பதிவு அழிக்கப்படுவதில்லை, திருத்தம் நாளும் ஆண்டும் குறிக்கப்பட்டு அதனோடு சேர்க்கப்படுகிறது. வரலாற்று மாணவர்க்கு இது பெருநன்மை. எழுத்தர் கேட்டதும் குடும்பம் சொன்னதும் ஒரே ஏட்டில் அருகருகே கிடைக்கின்றன.

பயணத்துக்கு முந்திய ஒழுங்குமுறை இதிலிருந்து தானே பெறப்படும். பிறப்புப் பத்திரம் வேர், அடையாளக் கார்டு அதிலிருந்து கிளைத்தது, கடப்பிதழ் கார்டிலிருந்து, விசாவும் விமானச் சீட்டும் கடப்பிதழிலிருந்து. பலர் இறுதியில் தொடங்குகின்றனர். சீட்டை வாங்கிவிட்டுக் கடப்பிதழைத் திருத்த முயல்வோர், கார்டு அவ்வாறே இருப்பதால் கடப்பிதழும் அவ்வாறே இருக்கும் என்னும் விடையைப் பெறுகின்றனர். கார்டைத் திருத்தச் சென்றால் பிறப்புப் பத்திரம் கேட்கப்படுகிறது. ஆதலின் திங்கள் பல முன்னதாகத் தேசியப் பதிவு இலாகாவில் தொடங்குவதே தக்கது. திருத்தத்துக்குக் காத்திருக்க இயலாதவர், ஆவணங்கள் அனைத்தும் தம் ஒருவரையே குறிக்கும் எனச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரமாணம் செய்து உடன்கொண்டு செல்வதுண்டு. அது விளக்கமேயன்றித் திருத்தமாகாது. அயல்நாட்டவர் அதனை ஏற்கவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

மற்றொரு வினாவும் எழுகிறது. பிழையைத் திருத்துவதா, பிழைக்கேற்ப ஏனையவற்றை மாற்றுவதா? பெயரின் எழுத்து மட்டும் மரபுக்கு மாறானதாக இருந்து, கார்டும் கடப்பிதழும் பள்ளிச் சான்றிதழும் ஒத்திருக்குமாயின், அதனைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை. ஐம்பதாண்டு வழங்கிய எழுத்து அவருடைய பெயராகவே ஆகிவிட்டது. பிறந்தநாளோ தந்தை பெயரோ பிழைபட்டிருந்தால் அவ்வாறு விடலாகாது. 2015இல் இந்திய வம்சாவளியினர் அட்டை கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டையோடு இணைக்கப்பட்டது. அதற்கு விண்ணப்பிப்போர் மகன், தந்தை, பாட்டன் எனச் சங்கிலியாக ஆவணம் காட்டவேண்டும். ஒரு கண்ணியில் தந்தை பெயர் மாறினும் சங்கிலி அறும். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவரின் பேரன் தன் பாட்டனின் ஊருக்கு உரிமையோடு செல்ல முடியாமற் போவதும் அந்த ஓரெழுத்தால்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இங்கே ஒரு பங்குண்டு. உரோமன் எழுத்தில் வரும் பெயரைத் தமிழில் எழுதும்போது ஊகித்து எழுதாமல் பெற்றோரைக் கேட்டு எழுதுவதும், பிறப்புப் பத்திரத்தோடு மாறுபாடு காணின் முதலாம் ஆண்டிலேயே தெரிவிப்பதும் அவர்களால் இயல்வன. ஏழு வயதில் தாயும் தந்தையும் நேரில் நின்று பிரமாணம் செய்யலாம். ஐம்பது வயதில் நிலை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன, பெரட்டுப் பட்டியல்கள் பலவிடங்களில் எஞ்சவில்லை, பிறப்பை அறிந்த முதியோரும் மறைந்து வருகின்றனர். சட்டம் கேட்கும் 'நம்பத்தக்க இருவர்' பாகான் டாலாம் போன்ற பழைய குடியிருப்புகளில் ஒருகாலத்தில் அடுத்த வீட்டிலேயே இருந்தனர்.