"மூணு தபா சொட்டு ஊத்தினேனே சார்!"

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1991ஆம் வருடம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன், வலது கால் சூம்பியிருக்கும். அம்மா இடுப்பில் தூக்கி வந்து விட்டுவிட்டுப் போவார். ஒருநாள் கேட்டார்: "மூணு தபா சொட்டு மருந்து ஊத்தினேனே சார், அப்புறமும் ஏன் என் புள்ளைக்கு இப்படி ஆச்சு? நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேனா?"

என்னிடம் பதில் இல்லை. ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினேன். ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, பதில் பக்கத்தில் வேலூரிலேயே இருந்தது என்று.

நோய் எதிர்ப்பு என்றால் ரத்தத்தில் இருப்பது என்றே நெடுநாள் நினைத்தார்கள். 1963இல் அமெரிக்காவில் சோடிர்கர், டோமாசி என்ற இருவர், ரத்தத்தில் குறைவாக உள்ள ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் எச்சில் போன்ற சுரப்புகளில் மேலோங்கி இருப்பதைக் காட்டினார்கள். வாய், மூக்கு, குடலுக்கென்று தனிக் காவல் இருக்கிறது!

ஆனால் ஐஜிஏ உருவாவது குடல் சுவருக்கு உள்ளே. கிருமி வருவதோ சோறு போகும் பாதையில். நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும் செல்கள். காவலாளி எப்படி வெளியே வருகிறான்? செல்லிலேயே ஓர் ஏற்பி இருந்து அழைத்து வருகிறது என்று 1974இல் நார்வேயின் பிரான்ட்சாக் சொன்னார். அந்த ஏற்பி எப்படி அமைந்திருக்கிறது என்பதை 1980களின் தொடக்கத்தில் மோஸ்டாவும் புளோபெலும் விளக்கினார்கள்.

ஒகேனக்கல் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்பிதான் பரிசல். இக்கரையில் ஐஜிஏவை ஏற்றிக்கொண்டு செல்லுக்குள் புகுந்து அக்கரை போகிறது. நம் பரிசல் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும். இது திரும்பாது. அக்கரையில் ஒரு நொதி அதை வெட்டிவிடும். வெட்டிய துண்டு ஐஜிஏவோடு ஒட்டிக்கொண்டு போய், செரிமான நொதிகள் அதை அழிக்காமல் காக்கும். ஒவ்வொரு நடைக்கும் புதுப் பரிசல்! தாயின் மார்பிலும் இதே பரிசல்தான். சீம்பாலில் ஐஜிஏ நிறைந்திருப்பது அதனால்தான்.

போலியோ கிருமி வாய் வழியாக வந்து குடலில் பெருகுவது. ஊசி மருந்து ரத்தத்தில் காவலை வளர்த்து வாதம் வராமல் காக்கும். குடலில் அதன் பலம் குறைவு. சொட்டு மருந்தில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி. அது குடலில் வளர்ந்தால் அங்கேயும் காவல் எழும். வளராவிட்டால் ஊற்றியும் பலனில்லை. நம் குழந்தைகள் பலருக்கு மூன்று தவணை போதவில்லை என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் 1972இலேயே எழுதிவிட்டார். மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை.

1995 டிசம்பரில் நாடு முழுக்க போலியோ முகாம் தொடங்கியது. ஓசூர் பேருந்து நிலையத்தில் நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். சிப்காட் வேலைக்கு வந்த வடமாநிலத்துக் குடும்பங்கள், பெங்களூரு போகிறவர்கள், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் கேட்கும். "போன மாசம்தான் போட்டோம்" என்பார்கள். "பரவாயில்லை, இன்னொரு தடவை" என்று சொல்லி, சுண்டுவிரலில் மை வைப்போம். ஏன் இன்னொரு தடவை என்று எனக்கே அப்போது தெரியாது.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

அந்தப் பையன் இப்போது சிப்காட்டில் கணக்கு எழுதுகிறான். அவன் அம்மா இறந்து சில வருடம் ஆகிறது. அவரிடம் சொல்ல வேண்டியதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா கடைசி வரைக்கும் அதையேதான் சார் சொல்லிக்கிட்டு இருந்தாங்க" என்றான்.

உங்கள் வீட்டில் பேறுகாலம் என்றால் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டவிடாதீர்கள். சேனை வைக்க வேண்டாம். முகாம் அறிவித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.