சேலத்துத் தறிச்சாலையும் நம் தொழிற்கல்வியும்

தொழிலைக் கற்கும் வழி இரண்டு. தந்தையின் அருகமர்ந்து கண்ணாலும் கையாலும் கற்பது ஒன்று. பள்ளியிற் சென்று ஆசிரியர்பாற் கற்பது மற்றொன்று. நெசவுத் தொழிலில் நம் முன்னோர் முதல் வழியினாலேயே பல நூற்றாண்டுகள் சிறந்து வாழ்ந்தனர். இரண்டாவது வழி நம் நாட்டில் எவ்வாறு புகுந்தது, எங்கே தவறியது, எங்கே பயன்பட்டது என்பதனை நம் குலத்தார் அறிந்திருத்தல் நலமாதலின், சேலத்தில் நிகழ்ந்த வரலாறொன்றை ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

சென்னையில் 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஓவியமும் கைத்தொழிலும் பயிற்றும் பள்ளியொன்றைத் தம் சொந்த முயற்சியால் நிறுவினார். பின்னர் அது அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது. அப்பள்ளியில் 1898-ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியற் பேராசிரியர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அது வேரூன்றியபின் தனியார் கைக்கு மாறிற்று. அரசாங்கம் ஒரு தொழிலைச் செய்துகாட்டி, மக்களுக்குக் கற்பித்து, பின் விலகிக்கொள்ளுதல் வேண்டுமென்பது அவர் கொள்கை. அடுத்து அவர் கருத்து நெசவின்மேற் சென்றது.

பழைய குழித்தறியில் நெசவாளன் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையாற் பிடித்தல் வேண்டும். ஆதலின் துணியின் அகலம் அவன் கை எட்டும் அளவிற்கு உட்பட்டது. இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற விசைநாடாவிலோ, கயிற்றை இழுத்த மாத்திரத்தில் நாடா தானே பலகைமீது ஓடும், வேலையும் விரையும். இதனைக் கைக்கொள்ளின் நம் நெசவாளர் ஆலைத்துணியின் போட்டியைத் தாங்குவரென்று சாட்டர்டன் எண்ணினார். அதனைச் சோதித்தற்கு 1906-ஆம் ஆண்டில் சேலத்தில் அரசாங்கத் தறிச்சாலை அமைந்தது. புதிய கருவியோடு, பல தறிகளை ஒரு கூரையின்கீழ் வைத்துக் கூலிக்கு நெய்விக்கும் முறையும் ஆங்குச் சோதிக்கப்பட்டது.

நெசவாளர் ஆங்கு நிலைத்து வர விரும்பினாரல்லர். இதனைச் சோம்பல் என்பாருமுளர். நாம் அவ்வாறு கருதோம். வீட்டிலே மனைவி தார் சுற்றுவாள். மக்கள் அறுந்த இழையை முடிவர். முதியோர் பாவுக்குக் கஞ்சியிடத் துணைநிற்பர். வீடே தொழிற்சாலை; வீடே பள்ளி. தறிச்சாலைக்குச் சென்றவனோ அத்துணையனைத்தும் இழந்து, மணிக்குக் கட்டுப்பட்ட கூலியாள் ஆவான். அவன் பிள்ளை தொழில் கற்கும் இடமும் பறிபோம்.

மற்றொருபால், அரசாங்கம் வாணிகத்திற் புகுதலாகாதென்று ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். இந்திய மந்திரியாயிருந்த மார்லி பிரபு 1910-ஆம் ஆண்டில், அரசாங்கம் தொழிற்கல்வி அளிப்பதோடு அமைய வேண்டுமேயன்றித் தொழில் நடத்தலாகாதென்று முடிவுசெய்தார். தறிச்சாலை மூடப்பட்டது. செய்துகாட்டாது தொழில் கற்பித்தல், நீரில் இறங்காது நீந்தக் கற்பித்தலை ஒக்குமன்றோ?

ஆயினும் விசைநாடா மறைந்திலது. நெசவாளர் அதனைத் தம் வீட்டுத் தறிகளிலேயே பூட்டிக்கொண்டனர். பின்வந்த ஆண்டுகளில் சென்னை மாகாணமெங்கும் அது பரவலாயிற்று. நம்மனோர் வெறுத்தது புதுமையை அன்று, வீட்டைப் பிரிதலையே என்பது இதனாற் புலனாம்.

இனி, எல்லாத் துணிக்கும் ஒரு கருவியே பொருந்துமென்று கொள்ளுதலும் பிழையாம். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாதலின், மூன்று நாடாக்களும் உடனிருந்து உதவுவார் ஒருவரும் வேண்டும். ஆங்கு விசைநாடா ஒன்றே போதாது. ஆதலின் கற்பிக்க வருவோன் முதலிற் கைவினைஞனிடம் கற்றல் வேண்டும்.

விடுதலைக்குப்பின் 1956-ஆம் ஆண்டுமுதல் நெசவாளர் சேவை மையங்கள் தோன்றின. 1960-ஆம் ஆண்டில் அதே சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. இவற்றாற் பயன் விளைந்தது உண்மையே. எனினும் வடிவம் வரைவோர் ஒருபால், அதனை நெய்வோர் மற்றொருபால் என்னும் பிரிவு முற்றும் நீங்கவில்லை. கட்ச் நாட்டில் 2005-ஆம் ஆண்டில் தோன்றிய கலா ரக்ஷா வித்யாலயா இதற்கொரு வழி காட்டிற்று. நெசவாளரும் சாயமிடுவோரும் இரண்டிரண்டு வாரம் வகுப்பிற்கு வந்து வடிவமைப்புக் கற்பர். இடையே வீடு திரும்பித் தம் தொழிலிலேயே அதனைப் பயின்று பார்ப்பர். பள்ளியும் தறியும் ஈண்டு ஒன்றையொன்று விலக்கவில்லை.

நம் வகுப்பில் நெசவாளர் மகனொருவன் இருந்தான். பாவுக்கு இத்தனை இழை வேண்டுமென்று மனக்கணக்காகவே சொல்வான். கணக்குத் தேர்விலோ தோற்றான். குறை அவனிடத்தன்று, அவன் அறிந்ததனை அறியாத நம்மிடத்தே என்று நாணினோம். அதுமுதல் பாவையும் ஊடையையும் கொண்டே கணக்குக் கற்பித்து வருகின்றோம், அவனும் தேறினான்.

அன்பர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்; தறியடியினின்றும் முற்றும் பிரித்துவிடாதீர்கள். பெண்மக்களுக்கும் இவ்விரு கல்வியும் உரியவே. சேலத்துத் தறிச்சாலை மூடுண்டு நூறாண்டு கடந்தும், அது கற்பித்த பாடம் நம் இல்லங்களிற் கற்கப்படாதிருத்தல் தகுமோ?