ஸ்டியரிங் பூட்டின் வரலாறு: ஒருவருக்கான காவலும் ஊருக்கான காவலும்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்ட ஒருவருக்கு, முதலில் கட்டும்படியும் அதன் பிறகு நம்பிக்கை வைக்கும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. தவக்குல் என்பது கை கட்டி அமர்ந்திருப்பதன்று என்பதற்கு நம் உலமாக்கள் எடுத்துக்காட்டும் செய்தி இது. இன்று நம் வாசலில் ஒட்டகத்தின் இடத்தில் கார் நிற்கிறது; கயிற்றின் இடத்தில் பூட்டு இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலான அந்தப் பூட்டின் வரலாற்றை ஊன்றிப் படிப்போருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. நம் வண்டியைக் கட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? நாம் கட்டும் முறை அண்டை வீட்டாரின் வண்டிக்கு நன்மையாக முடிகிறதா, தீங்காக முடிகிறதா?

பூட்டில்லாத காலம்

கார்கள் முதன்முதலில் தெருவுக்கு வந்தபோது அவற்றுக்குக் கதவே கிடையாது. பூட்டைப் பற்றிப் பேச இடமேது? 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் 1.5 கோடிக்கும் மேல் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காருக்குச் சாவி இருந்தது உண்மைதான். ஆனால் அச்சாவிகள் சொற்ப வகைகளிலேயே செய்யப்பட்டன. ஆகவே ஒருவருடைய சாவி முன்பின் அறியாத மற்றொருவருடைய காரையும் இயக்கும். வண்டியை நிறுத்தியபின் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டி வைப்போரும் இருந்தனர். ஸ்டியரிங்கையே கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லும்படி அமைந்த கார்களும் வந்தன.

கார் பெருகியதோடு கார்த் திருட்டும் பெருகியது. ஒரு மாநிலத்தில் திருடிய காரை அடுத்த மாநிலத்துக்கு ஓட்டிச் சென்றுவிட்டால் உள்ளூர்க் காவலரின் கை அங்கே எட்டாது. இதனால் 1919ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றி, திருடப்பட்ட காரை மாநில எல்லை கடத்துவதை நாடு முழுமைக்குமான குற்றமாக்கியது. அதை முன்மொழிந்த உறுப்பினரின் பெயரால் டயர் சட்டம் என்று அது அழைக்கப்படுகிறது. திருடியவனைத் தண்டிக்க வழி பிறந்தது. திருடவிடாமல் தடுக்கும் வழி இன்னும் பிறக்கவில்லை.

சாவிக்குள் புகுந்த பூட்டு

அந்த வழியைத் திறந்தவர்களுள் முக்கியமானவர் ஆப்ராம் நெய்மன். ரஷ்யப் பேரரசின் ஆட்சிப்பகுதியில் பிறந்து பிரான்சில் குடியேறிய பொறியாளர் அவர். 1930களில் ஸ்டியரிங்கைப் பூட்டும் கருவியை உருவாக்கினார். பிரெஞ்சு மக்கள் இன்றும் காரில் சாவி போடும் இடத்தை 'நெய்மன்' என்றே சொல்கிறார்கள். ஒரு மனிதரின் பெயர் ஒரு பொருளின் பெயராகவே மாறிவிட்டது.

அக்கருவியின் தத்துவம் எளியது. ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து கீழிறங்கும் தண்டில் ஒரு பள்ளம் இருக்கும். சாவியை உருவியதும் ஓர் எஃகு முளை அப்பள்ளத்தில் சென்று பொருந்திக்கொள்ளும். அதன்பின் எஞ்சினை எப்படியோ கிளப்பிவிட்டாலும் வண்டியைத் திருப்ப இயலாது. நாம் பைக்கை நிறுத்தும்போது ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடித்து 'சைடு லாக்' போடுகிறோம் அல்லவா, அதுவும் இதே தத்துவம்தான்.

ஆயினும் கருவி கண்டுபிடிக்கப்பட்டதற்கும் அது எல்லாக் கார்களிலும் இடம்பெற்றதற்கும் இடையே முப்பது ஆண்டுகள் ஓடின. விருப்பமுள்ளவர் வாங்கலாம், விருப்பமில்லாதவர் விட்டுவிடலாம் என்ற நிலையிலேயே அது கிடந்தது. சட்டம் வந்தபின்தான் நிலை மாறியது. அச்சட்டத்தை இரு நாடுகள் இரு விதமாகக் கொண்டுவந்தன. நம் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

இரு நாடுகள், இரு விளைவுகள்

1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. புதிதாக விற்பனைக்கு வரும் கார்களுக்கு மட்டுமின்றி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களுக்கும் அது பொருந்தும் என்றது. பணக்காரரின் புதுக் காரும் தொழிலாளியின் பழைய காரும் ஒருசேரப் பூட்டப்பட்டன. நாடெங்கும் கார்த் திருட்டு வெகுவாகக் குறைந்தது. திருட வந்தவனுக்கு அடுத்த தெருவுக்குப் போயும் பயனில்லை. அங்கிருந்த கார்களிலும் பூட்டு இருந்தது.

பிரிட்டன் வேறு வழியைத் தேர்ந்தது. 1971ஆம் ஆண்டு முதல் புதிய கார்களுக்கு மட்டும் பூட்டு கட்டாயம் என்றது. பழைய கார்கள் இருந்தபடியே விடப்பட்டன. இதன் விளைவைப் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகத்தின் ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்ட அறிக்கையில் காணலாம். லண்டன் மாநகரக் காவல் எல்லைக்குள் 1969இல் திருடப்பட்ட கார்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புதிய கார். 1973இல் அது இருபதில் ஒன்றாகச் சுருங்கியது. புதிய கார் வைத்திருந்தோருக்கு இது நற்செய்திதான். ஆனால் திருடர்கள் தொழிலைக் கைவிட்டுவிடவில்லை. பூட்டில்லாத பழைய கார்களை நாடிச் சென்றனர். புதிய கார் வாங்க வசதியற்றவரின் வாசலுக்கு அந்தத் தீங்கு இடம்பெயர்ந்தது.

இரு நாடுகளிலும் முளை ஒன்றுதான், பள்ளமும் ஒன்றுதான். எல்லோருக்கும் பூட்டு என்றபோது திருட்டு குறைந்தது. சிலருக்கு மட்டும் பூட்டு என்றபோது மற்றவர் தலையில் விடிந்தது. பழைய கார்கள் காலப்போக்கில் சாலையிலிருந்து மறைந்த பிறகே பிரிட்டனில் அப்பூட்டின் முழுப் பயன் தெரியத் தொடங்கியது.

அமெரிக்காவில் 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து கார்த் திருட்டுத் தடுப்புக்கான விதி நடைமுறைக்கு வந்தது. அதைச் சாலைப் பாதுகாப்பு விதிகளுள் ஒன்றாகவே அந்நாட்டு அரசு சேர்த்தது என்பது கவனிக்கத்தக்கது. திருடிய காரை ஓட்டுபவன் வேகமாகவும் பொறுப்பின்றியும் ஓட்டுகிறான். அவனால் மடிவோரில் அந்தக் காருக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத வழிப்போக்கர்களும் உண்டு. எனவே ஒரு காரைப் பூட்டுவது அதன் உரிமையாளரின் சொந்த விவகாரம் மட்டுமன்று என்று அரசு கண்டது. சாவியை மறந்து விட்டுவிட்டுக் கதவைத் திறந்தால் எச்சரிக்கை ஒலி எழ வேண்டும் என்பதும் அதே விதியில் இடம்பெற்றது.

கண்ணுக்குத் தெரியும் இரும்பும் தெரியாத கருவியும்

எஃகு முளையை உடைக்கும் வித்தையையும் திருடர்கள் விரைவில் கற்றுக்கொண்டனர். இந்நிலையில் 1980களில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வின்னர் என்பவர் 'தி கிளப்' என்ற பெயரில் ஓர் இரும்புத் தடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நீட்டிச் சுருக்கக்கூடிய இரு தண்டுகள், ஸ்டியரிங் வளையத்தை உள்ளிருந்து பற்றிக்கொள்ளும் கொக்கிகள், நடுவில் பூட்டு. ஒரு முனை வெளியே நீண்டு நிற்பதால் சக்கரத்தைத் திருப்பும்போது அது கண்ணாடியிலோ கதவிலோ முட்டும். ராணுவத்தில் இருந்த நாளில் ஜீப்பின் ஸ்டியரிங்கைச் சங்கிலியால் கட்டிய பழக்கமும், பிற்காலத்தில் தம் சொந்தக் கார் திருடுபோனதும்தான் இதற்கு வித்திட்டன என்று அவர் சொல்லிவந்தார். அது கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று.

இத்தடியின் வலிமை அதன் இரும்பில் இல்லை. ஸ்டியரிங் வளையம் மெல்லியது. வாளால் அதை அறுத்துவிட்டால் தடி தானே கழன்றுவிடும். அதன் உண்மையான வலிமை அது கண்ணுக்குத் தெரிவதில் இருக்கிறது. கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பவனிடம், இங்கே வேலை அதிகம் என்று அது அறிவிக்கிறது. அவ்வளவில் நம் கார் தப்பியது. ஆனால் அவன் வீடு திரும்புவதில்லை, அடுத்த காரை எட்டிப் பார்க்கிறான். அங்கே தடி இல்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், 1986இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'லோஜாக்' என்னும் வேறொரு கருவி அறிமுகமாயிற்று. காருக்குள் எங்கோ ஒளித்து வைக்கப்படும் சிறு வானொலிக் கருவி அது. கார் திருடுபோனதாக உரிமையாளர் புகார் அளித்ததும் காவல்துறை அதைத் தொலைவிலிருந்தே இயங்க வைத்து, அது அனுப்பும் சமிக்ஞையைப் பின்தொடரும். அக்கருவி இருப்பதாக அந்தக் காரில் எந்த அடையாளமும் இராது. எந்தக் காரில் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாததால் திருடனுக்கு எல்லாக் கார்களும் ஆபத்தானவையாகின்றன. வாங்கியவரின் காருக்கு மட்டுமின்றி, வாங்காதவரின் காருக்கும் அது காவல் நிற்கிறது.

இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்னும் இரு அறிஞர்கள் இதை ஆராய்ந்து 1998இல் கட்டுரை வெளியிட்டனர். இக்கருவி பரவிய நகரங்களில் கார்த் திருட்டு குறைந்திருப்பதையும், திருட்டு வேறு குற்றங்களாக உருமாறியதற்குக் குறிப்பிடத்தக்க அறிகுறி இல்லை என்பதையும் கண்டனர். அவர்கள் கணக்கிட்ட மற்றொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. இக்கருவியால் சமூகம் அடையும் மொத்த நன்மையில், அதைப் பணம் கொடுத்து வாங்கியவருக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. எஞ்சிய யாவும் முகமறியாத மற்றவர்களுக்கே சென்று சேர்கின்றன. தம் பங்கை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் இதை வாங்கத் தயங்குவார். ஆகவே சந்தையின் போக்கில் விட்டால் இது தேவையான அளவு பரவாது என்பது அவர்களின் முடிவு.

மீண்டும் வந்த இரும்புத் தடி

1990களில் மின்னணுப் பூட்டு வந்தது. சாவிக்குள் பதித்த சில்லும் காரின் கணினியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் எஞ்சின் இயங்கும். 'இம்மொபிலைசர்' எனப்படும் இதனை ஐரோப்பா 1998 முதலும் கனடா 2007 முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கின. அமெரிக்கா அவ்வாறு செய்யவில்லை. நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

அந்த இடைவெளியின் விலை பின்னாளில் தெரியவந்தது. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை விற்ற கார்களில், விலை குறைந்த வகைகள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. அவற்றை எளிதில் கிளப்பும் முறை சமூக ஊடகக் காணொளிகள் மூலம் பரவியது. முதலில் மில்வாக்கி நகரிலும், 2022இல் நாடு முழுவதிலும் அக்கார்கள் பெருமளவில் களவாடப்பட்டன. களவாடியவர்களில் பலர் பதின்ம வயதினர். இதன் தொடர்பில் 14 விபத்துகளும் 8 உயிரிழப்புகளும் தமக்குத் தெரியவந்துள்ளதாக 2023 பிப்ரவரியில் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. நிறுவனங்கள் மென்பொருளைத் திருத்தின. அத்துடன் காவல் நிலையங்கள் வழியே மக்களுக்கு இலவசமாக ஒரு பொருளை வழங்கின. அது வேறொன்றுமன்று, ஸ்டியரிங்கில் மாட்டும் அதே இரும்புத் தடிதான்.

இங்கும் பாதிக்கப்பட்டவர் யார்? விலை குறைந்த காரை வாங்கியவர். விலை கூடிய வகையில் இருந்த காவல் அவருக்கு இல்லை. அதே நிறுவனங்கள் கனடாவில் விற்ற கார்களில் அக்காவல் இருந்தது; ஏனெனில் அங்கே சட்டம் கேட்டது.

நாம் பெறும் பாடம்

நம் வண்டியைப் பூட்டுவதில் தவறேதும் இல்லை. பூட்டாமல் விடுவதே தவறு. கையிலுள்ள பொருள் அமானிதம் என்று நம்புவோர் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். இரும்புத் தடியை மாட்டுவதும் அக்கடமையில் அடங்கும். ஆனால் நாம் தப்பித்ததை வைத்துத் தீங்கு ஒழிந்துவிட்டதாக மகிழ்ந்துவிடக் கூடாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம். அத்தீங்கு நான்கு வீடு தள்ளி நின்றுகொண்டிருக்கலாம்.

அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நாம் அறிவோம். குடியிருப்புச் சங்கத்தில் வாகன நிறுத்துமிடத்துக்கு விளக்கும் காவலாளியும் வேண்டும் என்று பேச்சு எழும்போது, "என் காருக்குப் பூட்டு இருக்கிறது, எனக்கெதற்கு இந்தச் செலவு?" என்று ஒதுங்குவது எளிது. மஹல்லாவில் பள்ளிவாசல் வாசலில் ஜுமுஆ நேரத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்றாலும் அப்படித்தான். நம் செலவில் பெரும்பங்கு மற்றவருக்கே பயன்படுகிறது என்பது அதைத் தவிர்ப்பதற்கான காரணமாகாது. பெயர் தெரியாத ஒருவரின் பழைய ஸ்கூட்டர் அதனால் பத்திரமாக இருக்குமானால், அது நம் கணக்கில் எழுதப்படும் தர்மமன்றோ?

அல்லாஹ் நம் உடைமைகளையும் நம் அண்டை வீட்டாரின் உடைமைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.